இணையத்தளத்தின் முகவரிகளை மாற்றப் போகிறீர்களா? பழைய வாசலில் பலகை மாட்ட மறவாதீர்கள்

கடையை இடம் மாற்றும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பழைய கதவில் 'இக்கடை இன்ன வீதி, இன்ன இலக்கத்திற்கு மாற்றப்பட்டுள்ளது' என்று பலகை மாட்டுகிறோம். பக்கத்துக் கடைக்காரரிடமும் தபால்காரரிடமும் சொல்லிவைக்கிறோம். மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து சாமான் எடுக்க வருவோருக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறோம். பல வருடங்களாக அந்த வாசலுக்கு வந்து பழகியவர்கள் வேறு கடைக்குள் நுழைந்துவிடக் கூடாதல்லவா?

ஆனால், இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போது இந்தச் சாதாரண முன்னெச்சரிக்கையை நம்மில் பலர் எடுப்பதில்லை. புதிய வடிவமைப்பு அழகாக இருக்கிறதா, படங்கள் பெரிதாகத் தெரிகின்றனவா, கையடக்கத் தொலைபேசியில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்து மீதிப் பணத்தையும் கொடுத்துவிடுகிறோம். ஓரிரு வாரங்களில் விசாரணைகள் குறைகின்றன. 'சந்தை மந்தம்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் சந்தை மந்தமில்லை. பழைய வாசலைப் பூட்டிவிட்டு, பலகை மாட்டாமல் வந்துவிட்டோம் என்பதே விடயம்.

இவ்வாரம், இணையத்தளத்தின் பக்க முகவரிகளை மாற்றும்போது கூகுளில் நமக்கிருக்கும் இடத்தை எவ்வாறு காப்பாற்றிக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இழப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

ஓர் இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனி முகவரி உண்டு. இதனை யூஆர்எல் என்பார்கள். கூகுள் நினைவில் வைத்திருப்பது உங்கள் கடையின் பெயரை மட்டுமல்ல, ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும்தான். எந்தச் சொல்லைத் தேடுபவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்ற கணக்கு, அந்த முகவரியின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய தளத்தில் 120 பக்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் நீலக்கல்லைப் பற்றிய ஒரு பக்கம் வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் தேடும்போது முதல் வரிசையில் வருகிறது. வெளிநாட்டு நகைக்கடைகள் இரண்டு மூன்று தமது தளங்களிலிருந்து அந்தப் பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன. அந்த முகவரி 'ப்ரொடக்ட் டொட் பிஎச்பி, ஐடி 45' என்று முடிகிறது. புதிய வடிவமைப்பாளர் வந்து, அதனை 'ஜெம்ஸ் / புளூ சஃபயர்' என்று அழகாக மாற்றிவிடுகிறார். பக்கம் இருக்கிறது, படமும் விபரமும் இருக்கின்றன. ஆனால், பழைய முகவரியைத் தட்டினால் '404, பக்கம் காணப்படவில்லை' என்று வருகிறது.

இப்போது கூகுளின் நிலையைப் பாருங்கள். பல வருடங்களாக நம்பிய முகவரியில் யாருமில்லை. புதிய முகவரியில் இருப்பவர் யார் என்பதும் தெரியாது. நகைக்கடைகள் கொடுத்த இணைப்புகள் இல்லாத வாசலைக் காட்டுகின்றன. அந்த இணைப்புகள் சாதாரணமானவையல்ல. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை நம்பிக்கைச் சான்றாக எண்ணிக் கணக்கிடும் முறையை வைத்துத்தான், 1998இல் லெரி பேஜும் சேர்ஜி பிரினும் கூகுளை ஆரம்பித்தார்கள். அந்தச் சான்றிதழ்கள் முழுவதையும் நாமே கிழித்துப் போட்டவர்களாகிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதமானவை பத்து வருடங்களின் பின்னர் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

'முகவரியில் பொருளின் பெயர் இருந்தால் கூகுளில் மேலே வரலாம்' என்று சொல்லி மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முகவரியில் உள்ள சொற்களால் தரவரிசையில் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது என்று கூகுள் ஊழியர்களே பல தடவைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறிய நன்மைக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியை மாற்றுவது புத்தியான வியாபாரமல்ல.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1998இலேயே இதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே மாற்றுகிறார்கள் என்பதே அதன் சாரம். நாளை மாறக்கூடிய எதையும் முகவரியில் சேர்க்க வேண்டாம் என்று அவர் அறிவுறுத்தினார். 'டொட் பிஎச்பி' போன்ற மென்பொருள் வால்கள் இதில் அடங்கும். மென்பொருளை மாற்றினால் வாலும் மாறும், வால் மாறினால் முகவரியும் மாறும்.

சில வேளைகளில் மாற்றம் தவிர்க்க முடியாதது. பழைய மென்பொருளைக் கைவிட்டு வேர்ட்பிரஸ், சொப்பிஃபை போன்றவற்றிற்குப் போகும்போது முகவரி அமைப்பு மாறியே தீரும். சொப்பிஃபையில் பொருட்களின் பக்கம் 'ப்ரொடக்ட்ஸ்' என்ற பகுதிக்குள்தான் வரும், அதை நாம் மாற்ற முடியாது. அவ்வாறான நிலையில் ஒரே தடவையில், நீண்ட காலத்திற்கு நிலைக்கும் விதத்தில் மாற்றுங்கள். வருடத்திற்கு ஒரு தடவை மாற்றுவது கூடாது.

தமிழில் முகவரி வைக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. தமிழ் எழுத்துகள் முகவரியில் வேலை செய்யும். 'டொட் இலங்கை' என்ற தமிழ் டொமைனே 2010இல் நம் நாட்டிற்குக் கிடைத்துவிட்டது. எனினும், பக்க முகவரியைப் பிரதி செய்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் வீதக் குறிகளுடன் 9 எழுத்துகளாக விரியக்கூடும். 'கடை' என்ற சிறிய சொல்லே 27 எழுத்துகளாகிவிடும். பெயர் அட்டையில் அச்சிடவும் வட்ஸ்அப்பில் அனுப்பவும் இது இடைஞ்சல். ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கிடையே சிறு கோடிட்டு, சுருக்கமாக வைப்பது இலகு.

செய்ய வேண்டியவை

முதலாவது, இருப்புக் கணக்கு எடுங்கள். வருட முடிவில் சாமான் எண்ணுவது போல, தளத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் எழுத வேண்டும். கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற இலவசச் சேவையில் எந்தப் பக்கம் எத்தனை தடவைகள் சொடுக்கப்பட்டது என்ற விபரம் 16 மாதங்களுக்கு இருக்கும். எந்தப் பக்கத்திற்கு வெளியிலிருந்து இணைப்புகள் வருகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம். ஸ்க்ரீமிங் ஃப்ரொக் என்ற மென்பொருள் தளம் முழுவதையும் சுற்றி வந்து முகவரிகளைப் பட்டியலிட்டுத் தரும். 500 முகவரிகள் வரை இலவசம் என்பதால், நம் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இது தாராளம். இந்த வேலை புதிய தளம் திறக்கப்படுவதற்கு முன்னர் நடக்க வேண்டும். பழைய தளத்தை அழித்த பின்னர் இருப்பு எடுக்க முடியாது.

இரண்டாவது, கணக்குக் கொப்பி ஒன்றைத் திறவுங்கள். எக்செல் தாளில் மூன்று நிரல்கள் போதும். முதல் நிரலில் பழைய முகவரி, இரண்டாவதில் அதற்குரிய புதிய முகவரி, மூன்றாவதில் குறிப்பு. அதிகம் பேர் வரும் பக்கங்களையும் வெளி இணைப்புகள் உள்ள பக்கங்களையும் மேலே வையுங்கள். நம் மாணிக்கக்கல் வியாபாரியின் 120 பக்கங்களில் விசாரணையைக் கொண்டுவருபவை பத்துப் பதினைந்தாகவே இருக்கும். அவற்றில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. நீலக்கல் பக்கம் நீலக்கல் பக்கத்திற்கே போக வேண்டும். புஷ்பராகத்தைத் தேடி வந்தவரைப் புஷ்பராகத்திடமே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, நிரந்தரத் திசைதிருப்பல் போடுங்கள். ரீடிரெக்ட் என்று இதனைச் சொல்வார்கள். பழைய முகவரிக்கு வருபவரை சேவரே கையைப் பிடித்துப் புதிய முகவரிக்குக் கொண்டுபோய் விடும். நான் மேலே சொன்ன பலகை இதுதான். இதில் இரண்டு வகை முக்கியமானவை. 301 என்பது 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம்' என்ற அறிவித்தல். 302 என்பது 'தற்காலிகமாக அங்கே இருக்கிறோம், திரும்பி வருவோம்' என்ற அறிவித்தல். 302ஐப் போட்டுவிட்டால், கூகுள் பழைய முகவரியையே தேடல் முடிவில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே 301 என்று தெளிவாகச் சொல்லிப் போடச் செய்யுங்கள். 308 என்பதும் நிரந்தர மாற்றத்தைக் குறிப்பதே, அதிலும் தவறில்லை.

'திசைதிருப்பினால் பக்கத்தின் மதிப்பில் ஒரு பகுதி போய்விடும்' என்று முன்னர் ஒரு பயம் இருந்தது. அவ்வாறு எதுவும் குறைவதில்லை என்று கூகுளின் தரப்பில் 2016இல் அறிவிக்கப்பட்டது.

நான்காவது, உள் இணைப்புகளைத் திருத்துங்கள். உங்கள் தளத்திலுள்ள பட்டியல்கள், 'மேலும் பார்க்க' இணைப்புகள், படங்களின் இணைப்புகள் யாவும் நேரடியாகப் புதிய முகவரிகளையே காட்ட வேண்டும். பலகை வெளியாட்களுக்குத்தான். கடையில் வேலை செய்பவரும் பழைய கடைக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வரக் கூடாது. 'கெனொனிக்கல்' என்ற குறியும் புதிய முகவரியையே சொல்ல வேண்டும். ஒரே விடயம் பல முகவரிகளில் இருந்தால் எது பிரதானமானது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது.

ஐந்தாவது, புதிய முகவரிகளின் பட்டியலை, அதாவது சைட்மேப்பைத் தயாரித்து சேர்ச் கொன்சோலில் சமர்ப்பியுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம். சேர்ச் கொன்சோலில் 'முகவரி மாற்றம்' என்றொரு கருவியும் உண்டு. அது டொமைன் பெயரே மாறும்போது பயன்படுத்துவதற்கானது. ஒரே டொமைனுக்குள் பக்க முகவரிகளை மாற்றுவோருக்கு அது தேவைப்படாது.

ஆறாவது, நம் கையில் உள்ள வெளி இணைப்புகளை மாற்றுங்கள். பேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடத்திலுள்ள கடை விபரம், பணம் கட்டிப் போட்ட விளம்பரங்கள், மின்னஞ்சலின் அடியிலுள்ள கையொப்பம் ஆகியவற்றை ஒரே நாளில் திருத்திவிடலாம். உங்களுக்கு இணைப்புக் கொடுத்துள்ள பெரிய நிறுவனங்களுக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, புதிய முகவரியைப் போடும்படி கேளுங்கள். ஆனால், பெட்டிகளிலும் பைகளிலும் அச்சிட்ட கியூஆர் குறிக்குள் இருக்கும் முகவரியை மாற்ற முடியாது. அந்தப் பெட்டிகள் ஏற்கனவே வாடிக்கையாளரின் வீட்டிலிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது திசைதிருப்பல் மட்டுமே.

விற்பனையில் இல்லாத பொருட்களின் பக்கங்கள்

கொப்பியை நிரப்பும்போது இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நிறுத்தப்பட்ட பொருளுக்குப் பதிலாக அதே பயனுடைய புதிய பொருள் இருந்தால் அங்கே திருப்புங்கள். அவ்வாறில்லாவிட்டால், உண்மையிலேயே பொருத்தமான வகைப் பக்கத்திற்குத் திருப்பலாம். எதுவுமே பொருந்தாவிட்டால் 404 என்றோ, 'நிரந்தரமாக அகற்றப்பட்டது' எனப் பொருள்படும் 410 என்றோ விட்டுவிடுவதே நேர்மையானது.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனமான வழி. நீலக்கல் கேட்டு வந்தவரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு 'உள்ளே எங்காவது இருக்கும், தேடிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்குச் சமம். வந்தவரும் திரும்பிப் போவார், கூகுளும் அவ்வாறான திசைதிருப்பலைப் 'பக்கம் இல்லை' என்றே கணக்கெடுக்கும்.

பெரிய அளவில் இதனை ஒழுங்காகச் செய்து காட்டியவர்களாக பிரித்தானிய அரசாங்கத்தைக் குறிப்பிடலாம். 2012 ஒக்டோபரில் டிரெக்ட்கவ், பிஸ்னஸ் லிங்க் ஆகிய இரண்டு பெரிய அரச தளங்களை மூடி, ஒரே தளமாகத் திறந்தார்கள். பழைய தளங்களில் ஆயிரக்கணக்கான முகவரிகள் இருந்தன. புதிய இடம் உள்ளவற்றிற்குத் திசைதிருப்பல் போட்டார்கள். இடமில்லாதவற்றிற்கு 410 கொடுத்து, பழைய பிரதியைத் தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கும்படி வழிகாட்டினார்கள். ஆயிரக்கணக்கானவற்றிற்கு அவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்தார்கள் என்றால், நம் 120 பக்கங்களுக்கு ஒரு பின்னேர வேலை பெரிதல்ல.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

சங்கிலித் திசைதிருப்பல்: 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி பாதுகாப்புக் குறியாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியதும், பலர் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறினார்கள். அதன் மேல் இப்போது முகவரி மாற்றமும் வந்தால், பழைய முகவரி இரண்டாவதற்கும், அது மூன்றாவதற்கும் போகும். பலகையைப் பார்த்துப் போன இடத்தில் இன்னொரு பலகை. ஒவ்வொரு பழைய முகவரியும் நேரடியாகக் கடைசி முகவரிக்கே போக வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் மூன்று படிகளைத் தாண்டக் கூடாது என்பது கூகுளின் ஆலோசனை.

பழைய முகவரிகளைத் தடுத்துவிடல்: 'ரோபோட்ஸ்' கோப்பில் பழைய பகுதிகளுக்குத் தடை போட்டுவிட்டால், கூகுள் அங்கே போகவும் முடியாது, மாட்டிய பலகையை வாசிக்கவும் முடியாது.

மறைப்பை நீக்க மறத்தல்: புதிய தளத்தைத் தயாரிக்கும் காலத்தில் தேடுபொறிகளுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பது வழக்கம். வேர்ட்பிரஸில் இதற்கென ஒரு சிறு பெட்டியில் சரி அடையாளம் இடுவார்கள். திறப்பு விழாவன்று அதனை நீக்க மறந்தால், திசைதிருப்பல் எவ்வளவு சரியாக இருந்தாலும் தளம் கூகுளிலிருந்து மறையத் தொடங்கும்.

சீசனில் மாற்றுதல்: துணி வியாபாரி நோன்பு மாதத்தில் கடையை இடம் மாற்ற மாட்டார். பெருநாள், நத்தார், சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் முடிந்து ஓய்வான காலத்தில் மாற்றுங்கள். தரவரிசை சில வாரங்கள் மேலும் கீழும் ஆடுவது இயல்பு. நடுத்தர அளவிலான தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் புதிய முகவரிக்கு மாறிப் பதிவாகச் சில வாரங்கள் எடுக்கும் என்று கூகுளே சொல்கிறது. அந்த ஆட்டம் வியாபாரம் குறைந்த காலத்தில் நடக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுதல்: முகவரி, வடிவம், எழுத்து, டொமைன் எல்லாம் ஒன்றாக மாறினால், விழுந்தது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இயன்றவரை பக்கங்களின் உள்ளடக்கத்தை அப்படியே வைத்து முகவரியை மட்டும் மாற்றுங்கள். நிலைமை சீரான பின்னர் ஏனையவற்றைப் பாருங்கள்.

பலகையை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

குறைந்தது ஒரு வருடம் என்பது கூகுளின் ஆலோசனை. நான் சொல்வது, தளம் இருக்கும்வரை வைத்திருங்கள். கூகுள் ஒரு வருடத்தில் புரிந்துகொள்ளும். ஆனால், பழைய பெயர் அட்டையை அலுமாரியில் வைத்திருக்கும் வாடிக்கையாளரும், பழைய இணைப்பை மாற்றாத வெளிநாட்டுக் கடையும் ஐந்து வருடங்களின் பின்னரும் அதே வாசலுக்குத்தான் வருவார்கள். திசைதிருப்பலை வைத்திருப்பதற்கு வாடகை எதுவும் இல்லை.

திசைதிருப்பல்கள் பெரும்பாலும் சேவரிலுள்ள ஒரு கோப்பில் அல்லது மென்பொருளின் ஒரு பகுதியில் இருக்கின்றன. இரண்டு வருடங்களின் பின்னர் ஹொஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போதோ, வேறு வடிவமைப்பாளர் வரும்போதோ அந்தக் கோப்பு எவருக்கும் தெரியாமல் அழிந்துவிடலாம். எனவே அந்தக் கணக்குக் கொப்பியின் பிரதி வடிவமைப்பாளரிடம் மட்டும் இருந்தால் போதாது. கடைச் சொந்தக்காரரான உங்களிடமும், கடை உறுதியோடும் பதிவுப் பத்திரத்தோடும் சேர்ந்து இருக்க வேண்டும்.

முற்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வடிவமைப்பாளரிடம் 'தம்பி, பழைய முகவரிகள் என்னவாகும்?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் ஹாஜியார்' என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்தி, பின்வருவனவற்றை எழுத்தில் கேளுங்கள்.

1. பழைய, புதிய முகவரிகளின் முழுப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னர் எனக்குத் தருவீர்களா?

2. ஒவ்வொன்றிற்கும் 301 திசைதிருப்பல் போடப்படுமா? அது கொட்டேசனில் அடங்குமா?

3. திறந்த அன்றே முக்கியமான பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுவீர்களா?

4. சேர்ச் கொன்சோல் கணக்கு என் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்குமா?

5. திறந்த பின்னர் முதல் இரண்டு மாதங்கள் வாரம் ஒரு தடவை 404 பட்டியலைப் பார்த்துத் திருத்துவீர்களா?

6. பழைய தளத்தின் முழுப் பிரதி ஒன்றை என்னிடம் ஒப்படைப்பீர்களா?

இவற்றிற்கு 'ஆம்' என்று எழுதித் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். சில ஆயிரம் ரூபா கூடினாலும் பரவாயில்லை. திறந்த அன்று நீங்களே பழைய பெயர் அட்டை ஒன்றை எடுத்து, அதிலுள்ள முகவரியைத் தொலைபேசியில் தட்டிப் பாருங்கள். பின்னர் கொப்பியின் முதல் இருபது முகவரிகளையும் அவ்வாறே தட்டுங்கள். ஒவ்வொன்றும் சரியான பக்கத்தில் திறந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கடைக்கு 'கீ மணி' கொடுக்கும்போது, நாம் சுவருக்கும் கூரைக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. அந்த வாசலுக்கு வந்து பழகிய ஆட்களுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். இணையத்தில் பல வருடங்கள் உழைத்துச் சேர்த்த முகவரிகளுக்கும் அவ்வாறான பெறுமதி உண்டு. அது ஐந்தொகையில் எழுதப்படாத சொத்து. எழுதப்படாத காரணத்தினால் அதனை இழந்தாலும் கணக்கில் தெரியாது, விற்பனையில்தான் தெரியும்.